கயிறு உள்ளே இருந்தது

மதினி,

இன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆளுக்கொரு ஸ்பொஞ்சுப் பட்டை கொடுத்தார்கள். தேயிலைக் கொழுந்துச் சாக்கின் கயிறு தலையை அறுக்காமல் இருக்க, உச்சந்தலையில் வைத்துக்கொள்ளும் பட்டை. கடல் கடந்த புண்ணியவான்கள் யாரோ அனுப்பியதாம். தோட்டத்துத் தொரை நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொண்டையைச் செருமி, "இனிமே இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்கும் தலவலி வரக்கூடாது" என்று உத்தரவு போட்டார். தலைவலிகள் எல்லாம் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டன.

ஓய்வு பெற்ற எனக்குப் பெரட்டில் வேலை இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பக்கத்தில் நின்றவளிடம் ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தேன். புது ரப்பர் வாடை. சிரித்துவிட்டேன், மதினி. நான் சிரித்த சிரிப்பில் பீதுருதாலகால மலை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் மாமாவான நான் சிரிப்பது இங்கே ஒரு செய்தியா?

அந்தச் சிரிப்பில் இருந்தது என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குச் சொல்லாமல் இதை நான் யாருக்குச் சொல்வது?

ராகலைப் பக்கத்திலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் எங்கள் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது, எனக்கு வேலை கிடையாது. வாய் மட்டும் இருந்தது. காமன் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவன், வேஷத்தைக் கலைத்த பிறகும் ராஜாவாகவே திரிந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து, "யாரங்கே! ரொட்டி கொண்டு வா!" என்பேன். நீங்கள் தோசைக் கரண்டியோடு வருவீர்கள்.

"ராசாவுக்கு ரொட்டி வேணுமா, இல்ல இந்தக் கரண்டியால பட்டாபிசேகம் பண்ணணுமா? மலையில கொழுந்தையும் நான்தான் சொமக்கணும், வீட்டுல கொழுந்தனையும் நான்தான் சொமக்கணும்."

அண்ணன் சிரிக்காமல் சிரிப்பார். அவர் ஒரு வருடத்தில் பேசும் பேச்சை நீங்கள் மலைப் பீலியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பேசி முடிப்பீர்கள். உங்கள் குரல் கேட்டுத்தான் கொத்மலையில் சேவல்கள் கூவக் கற்றுக்கொண்டன என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீங்களும் அதை மறுக்கவில்லை.

அப்படிப்பட்ட உங்களுக்கு முதலில் தோள் பிடித்தது. பென்சன் வாங்கிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போன காலம். காலையில் எழுந்தால் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் கை உங்கள் சொல் கேட்டது. பிறகு தலைவலி. இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டில் வலி. சீப்பு பட்டால் நெருப்புப் பட்டதுபோல் துள்ளினீர்கள்.

காரணம் தேட வேண்டியதே இல்லை. பெண்டாட்டிமார் தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த சனம் நாம். கூடை போய் நைலான் சாக்கு வந்தது; கயிறு மட்டும் போகவில்லை. தலையில் போட்ட மொட்டாக்குத் துணி நழுவினால் தெரியும், கயிறு படிந்து படிந்து உச்சியில் முடி தேய்ந்த தடம். லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு. ஆகவே தலைவலி என்றால் கயிறு. பக்கத்துக் காம்பரா சொன்னது, கயிறு. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சொன்னார், கயிறு. நீங்களே பெருமையோடு சொன்னீர்கள்:

"இந்த நாட்டுத் தேயில பூரா என் தல மேலதான கப்பலுக்குப் போச்சு. வலிக்காம என்னா செய்யும்?"

டிஸ்பென்சரியில் கொடுத்த பெனடோல் மாத்திரையைக் கொட்டி நானுஓயா வரைக்கும் ரோட்டுப் போட்டிருக்கலாம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தன் தோளில் கிடந்த துவாயை மடித்து, சாக்கு ஊசியால் தைத்து, கயிற்றுக்கு அடியில் வைக்க ஒரு மெத்தை செய்து கொடுத்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் மலையேறியதைப் பார்த்து, "மகாராணி பவனி வருகிறாள், விலகுங்கள்!" என்று நான் கட்டியம் கூறினேன். கயிற்றுக்கு எதிராக எங்கள் வம்சம் நடத்திய மாபெரும் போர் அது. எதிரி அங்கே இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது தாடை. ரொட்டியை மெல்லும்போது பாதியில் நிறுத்தி, சற்று இளைப்பாறி, மறுபடி மென்றீர்கள். மதினியின் வாய்க்கே ஓய்வு தேவைப்பட்டதைக் கேட்டு லயமே வியந்தது. வெற்றிலையைக் குறை என்றார் ஒருவர். பல்லைப் பிடுங்கு என்றார் இன்னொருவர். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"பல்லு வலி இல்லங்க இது. மலையேறுன காலு மாதிரி தாட களைச்சுப் போகுது. கொஞ்சம் நின்னா சரியாப் போகுது, திரும்ப மென்னா திரும்பக் களைக்குது."

அதைவிடத் தெளிவாக அந்த நோயை எந்தப் புத்தகமும் சொல்லாது என்று பிறகு கண்டியில் பார்த்த டாக்டரம்மா சொன்னார். நோயாளி சரியாகத்தான் சொன்னாள். கேட்க வேண்டிய காதுகள் அந்த நேரம் தேநீர் குடிக்கப் போயிருந்தன.

ஒரு நாள் காலை பீலிக்கரையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்து, என்னைக் கூப்பிட்டீர்கள்.

"கொழுந்தனாரே, பனி எறங்கிருச்சா?"

வானம் கழுவித் துடைத்த பித்தளைத் தட்டுபோல் பளபளத்தது. "எங்க மதினி பனி?"

"இந்தப் பக்கம் மட்டும்."

இடது கண். அன்று போனது, போனதுதான்.

டவுன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே நரம்பு வெளுத்து வீங்கியிருக்கிறது, வயதானால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். "தலைவலி இருக்கா?" என்றும் கேட்டார். நல்ல கேள்வி. தங்கமான கேள்வி. நீங்கள் உடனே, "இருக்குங்க, அது கூடைக் கயிறு" என்றீர்கள். அவரும் தலையாட்டினார். அவருக்கும் கயிற்றைத் தெரியும். சாலையோரம் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்தபடிதான் அவரும் வேலைக்கு வருகிறார். சொட்டு மருந்து கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னார். தோள் வலிக்கு வேறு கிளினிக், வேறு கிழமை. தாடைக்குப் பல் டாக்டர். கொழுந்தைத் தரம் பிரிப்பதுபோல் உங்களைப் பிரித்து, தோளை ஒரு தட்டிலும் தலையை ஒரு தட்டிலும் கண்ணை ஒரு தட்டிலும் போட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுஷியாகப் பார்க்க அந்த ஊரில் ஒரு மேசை இருக்கவில்லை.

நீங்கள் அழவில்லை. உங்கள் கவலை வேறு. கொழும்பில் உங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இந்தக் குளிருக்குப் பயந்து அங்கேயே பெற்றுக்கொண்டாள். தோளும் இடுப்பும் பிடித்த உங்களால் அத்தனை தூரம் பஸ்ஸில் போக முடியவில்லை. உங்கள் போன் பட்டன் போன், படம் வராது. என் போனில் வந்தது; ஆனால் கண்ணாடி உடைந்து, பிள்ளையின் முகம் மண்சரிவில் அகப்பட்டதுபோல் துண்டு துண்டாகத் தெரிந்தது. நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள்.

"போட்டோவுல பார்த்தா பார்த்ததாகுமா? நான் பார்க்கையில அது என்னையத் திரும்பிப் பார்க்கணும். ஒரு கண்ணு போனா போவட்டும் கொழுந்தனாரே. மத்தக் கண்ணு இருக்குல்ல? பேத்திய ஒரு தடவ பார்த்துக்கிறேன். அதுக்கப்புறம் அதையும் எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

மேலே எவனோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான் போலும்.

சில நாள் கழித்து வலது கண்ணில் திரை விழத் தொடங்கியது. சிறிது நேரம் இருட்டும், பிறகு வெளிச்சம் வரும். "கண்ணுல கரண்டு போய்ப் போய் வருது" என்றீர்கள். மழைக்காலத்தில் லயத்து பல்பு அப்படித்தான் கண் சிமிட்டும். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வருடத்துக்கான பேச்சை முழுவதும் செலவழித்தார்:

"அடுத்த மாசம் வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாதுடா. நாளைக்கே கண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. என்னால அவளுக்குத் தைரியம் சொல்ல முடியாது. நீன்னா சிரிக்க வச்சே கூட்டிக்கிட்டுப் போயிருவ."

நான் மகளுக்குப் போன் போட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு வா, ஆஸ்பத்திரி வாசலில் நில், உன் அம்மாவுக்கு மருந்தும் அதுதான், சாமியும் அதுதான் என்றேன். வருகிறேன் என்றாள். உங்களுக்குச் சொன்னபோது, பெட்டிக்குள்ளிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்தீர்கள். மொட்டாக்குப் போடாமல், வலித்தாலும் பரவாயில்லை என்று தலை சீவிக்கொண்டீர்கள்.

தலவாக்கலையில் காலை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நீங்கள், பக்கத்தில் நான். வழி முழுதும் என் அண்டப்புளுகுகள். அந்த டிரைவர் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர் என்றும், வளைவுகள் போதவில்லை என்று வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார் என்றும் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "புள்ள என்னையப் பார்த்து அழுகுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும் வளைவு. "அங்கே பாருங்க மதினி" என்றேன். நீங்கள் அங்கே பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினீர்கள்.

"கொழுந்தனாரே, உங்க மூஞ்சி பாதிதான் தெரியுது."

"மீதியைக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?"

"மூக்குக்கு மேல ஒண்ணுமில்ல. மீச மட்டும் இருக்கு."

"அது போதும் மதினி. என் அழகு பூரா அங்கதான் இருக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மீசையும் போய்விட்டது. "கரண்டு போயிருச்சு" என்றீர்கள். வந்துவிடும், எப்போதும் வருகிறதுதானே என்றேன். அடுத்த வளைவில் வரும் என்று காத்திருந்தோம். புசல்லாவையில் வரும் என்றோம். கம்பளை தாண்டியதும் உங்கள் கை முன் சீட்டுக் கம்பியை அப்படிப் பிடித்திருந்தது, கண்டியில் இறக்கும்போது விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் நாம் இருவரும் ஒரு பொய்யும் பேசவில்லை.

கண்டியில் உங்களைப் பார்த்தவர் ஒரு முஸ்லிம் டாக்டரம்மா. நல்ல தமிழ். மூட்டு வாதத்துக்கான டாக்டர் என்றார்கள். கண் போனதற்கு மூட்டு டாக்டர் எதற்கு என்று எனக்குள் கறுவினேன். அவர் உட்காரக்கூட இல்லை. தொடர்ந்து கேட்டார். தலை சீவினால் நோகுதா? மெல்லும்போது தாடை களைக்குதா? விடியக்காலையில் தோளைத் தூக்க முடியலியா? நீங்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். "கயிறுங்க" என்று நீங்கள் தொடங்கியபோது அவர் உங்கள் பொட்டில் விரல் வைத்து அழுத்தினார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

தோலுக்கு அடியில் திரண்டு, முறுக்கி, கெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது. துடிப்பு இல்லை.

கயிறு உள்ளே இருந்தது, மதினி.

"இது ரத்தக்கொழாய்" என்றார். "இப்படி வீங்கி அடைச்சுப் போச்சு. கண் நரம்புக்கு ரத்தம் போகல. நரம்பு செத்துட்டா திரும்ப வராது. ஒரு கண் போனப்பவே வந்திருந்தா மத்தக் கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். ஏன், இவ்வளவு நாளா யாருமே இதைத் தொட்டுப் பார்க்கலியா?"

யாருமே தொட்டுப் பார்க்கவில்லை. தொடுவதற்குக் கூலி கிடையாது அல்லவா.

அன்றைக்கே ஊசி மருந்து ஏற்றினார்கள். பொட்டிலிருந்து ஒரு சிறு துண்டு ரத்தக்குழாயை வெட்டி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். நோயின் பெயர் ஜயண்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் என்றார். கூட்ஸ் ரயில் மாதிரி நீளம். வாத நோய்களின் சாதிசனம்தான். தோளைப் பிடித்ததும் அதன் பங்காளி, கண்ணை எடுத்தது இது. நீங்கள் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டீர்கள்:

"எங்கேருந்துங்க வந்துச்சு? தண்ணியிலயா? தேயிலைக்கு அடிக்கிற மருந்துலயா?"

"வெளிய இருந்து வரல அம்மா. நம்ம உடம்பைக் காவல் காக்கிற படை ஒண்ணு உள்ளுக்கு இருக்கு. அது ஆள் மாறி, நம்ம ரத்தக்கொழாயையே எதிரின்னு நெனச்சு அடிக்குது."

"நம்ம ஆளே நம்மள அடிக்கிறதா? அதுக்கு எங்கள்ட்ட எப்பவோ பேரு இருக்குங்க. கங்காணி."

தாதி சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும், நம் பக்கத்தில் அபூர்வம், அதனால்தான் பல பேருக்கு இது நினைப்புக்கே வருவதில்லை என்று மெல்லச் சொன்னார். நான் இருப்பதாக நினைத்த பக்கம் நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். நான் இருந்தது மறுபக்கம்.

"கேட்டீங்களா கொழுந்தனாரே? வெள்ளக்காரத் தொர போகையில பங்களாவயும் குடுக்கல, காணியயும் குடுக்கல. வியாதிய மட்டும் நம்ம பேருக்கு எழுதி வச்சிட்டுப் போயிட்டான்."

உங்கள் கடைசிப் பெரிய பகிடி அதுதான். அதைச் சொல்லிச் சொல்லி நான் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது ஒரு தடவைகூட அதற்குச் சிரிக்க முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பும் இல்லை. கண்டியில் கொடுத்த மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதியது. பார்க்க வந்தவர்கள், "நல்லா தேறிட்டீங்களே" என்றார்கள். ஒருத்தி உங்கள் எதிரிலேயே, "நாங்களும்தான் கயிறு சொமக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்றாள். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். தட்டை வீசினீர்கள். அண்ணன் பொறுக்கி எடுத்துக் கழுவி வைத்தார். சில சாயங்காலங்களில் மட்டும் என்னைக் கூப்பிட்டு, வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்வீர்கள். நான் அவிழ்த்து விடுவேன். லயத்தை இடித்துவிட்டார்கள், ஆளுக்கொரு மாடி வீடு கட்டுகிறார்கள், நம் வீட்டுக்கு ரோஜாக் கலர் பூசுகிறார்கள்.

"கூரை ஒழுகுற சத்தம் கேக்குதே?"

"அது பக்கத்து மாடி வீட்டுல பூவுக்குத் தண்ணி ஊத்துறாங்க மதினி."

"ம்ம். அளந்து விடுங்க. நல்லாத்தான் இருக்கு."

கண்ணைக் காப்பாற்றாத அந்த மாத்திரை எலும்பை அரித்தது. வாசலில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு முறிந்து படுத்தீர்கள், சளி கட்டியது, போய்விட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் ஸ்பொஞ்சுப் பட்டை வந்து சேர்ந்திருக்கிறது. கண்டாக்கு ஐயாவிடம் போய், தலைவலி என்று வருகிறவர்களின் பொட்டைத் தொட்டுப் பாருங்கள், தாடை களைக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். "மாமா, ஒங்க கூத்த கோயில்ல வச்சுக்குங்க" என்றார். நான் ஒரு வாழ்நாள் முழுவதும் அளந்துவிட்டதற்குச் சம்பளம் இது: உண்மையைச் சொல்லும்போது கேட்க ஆள் இல்லை.

அன்று வார்டில் நடந்த ஒன்றை இவ்வளவு நேரம் தள்ளித் தள்ளி வைத்தேன்.

உங்கள் மகள் பிள்ளையோடு வந்தாள். வாசலிலேயே நான் சொல்லிவிட்டேன். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளையை உங்கள் மடியில் கிடத்தினாள். பிள்ளை அழவில்லை. உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. நீங்கள் கேட்டபடியே, அப்படியே, கண்கொட்டாமல் பார்த்தது. அதை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"யாரு சாடை?" என்றீர்கள்.

மகள் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. நான்தான், "அண்ணன் சாடை" என்றேன். அலங்காரம் ஒன்றும் வரவில்லை. உண்மையும் அதுதான்.

"அப்ப உங்க சாடையும்தான். இங்க குனிங்க."

மதினியும் கொழுந்தனும் தொட்டுப் பேசும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. நான் குனிந்தேன். கொழுந்துக் கறை ஏறி வெடித்த உங்கள் விரல்கள் என் நெற்றியில் தொடங்கின. ஒரு கை என் முகத்தில், மறு கை பிள்ளையின் முகத்தில். என் புருவம், அதன் புருவம். என் மூக்கு, அதன் மூக்கு. காலையில் பஸ்ஸில் கண்ட முகத்தை எடுத்து, அதைச் சின்னதாக்கி, சுருக்கம் நீக்கி, மீசை மழித்து, உங்கள் பேத்திக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆண்டவன் கடைசியா ஒரு மூஞ்சியக் காட்டுறேன்னு சொல்லிட்டு, உலகத்துல வேற மூஞ்சியே இல்லாம இதக் காட்டியிருக்கான் பாருங்க" என்றீர்கள். கை மட்டும் எடுக்கவில்லை. "அவ்வளவு மோசமா இல்ல."

அந்த முகத்தைத்தான் மதினி, இப்போதும் தோளுக்கு மேல் வைத்துக்கொண்டு நடக்கிறேன். பேத்தி வளர்ந்துவிட்டாள், மூக்கு அண்ணனுடையதேதான், நீங்கள் தடவிப் பார்த்தது சரி. ஆனால் கண்கள் உங்களுடையவை. அவற்றை அன்று என் முகத்தில் தேடி நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது.